வலப்பக்கத்து ஆள்

ஏழு வயதில் வந்த பொன்னுக்குவீங்கி அவளுடைய வலது காதை வாங்கிக்கொண்டு போய்விட்டது. பிறந்த வீட்டாரையும் கணவரையும் தவிர யாருக்கும் அது தெரியாது. யாரோடு நடந்தாலும் அவர்கள் தன் இடப்பக்கம் வரும்படி பார்த்துக்கொள்வாள், அவ்வளவுதான். காப்பீட்டு அலுவலகத்துக்கு வரும் தொலைபேசிப் பேச்சுகளைக் கேட்டு, வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. எட்டு வருடத்தில் ஒரு சொல் பிசகியதில்லை.

அந்த வருடம் அலுவலகம் ஒலிப்பதிவு முறையை மாற்றியது. அலுவலரின் குரல் இடப்பக்கம், வாடிக்கையாளரின் குரல் வலப்பக்கம். இரண்டு காதும் கேட்பவர்களுக்கு அது வசதி. அவளுக்கோ அலுவலர் காற்றோடு பேசிக்கொண்டிருந்தார். "அப்படியா சார்? சரி சார். எப்ப சார்?" நடுவில், ஹெட்போனுக்குள் பழைய கணினியின் உறுமல் மட்டும்.

ஹெட்போனைத் திருப்பி மாட்டினால் வாடிக்கையாளர் வந்தார், அலுவலர் போய்விட்டார். ஒவ்வொரு பேச்சையும் இரண்டு முறை கேட்டு, சொல்லுக்குச் சொல் பின்னினாள். ஒரு நாள் வேலை இரண்டு நாளானது.

மேலாளர் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்.

"என்னம்மா, இப்பல்லாம் ஆமையா நகருது? முதல்ல ஒரு நல்ல ஹெட்போன் வாங்குங்க. இந்தாங்க, என்னோடதப் போட்டுப் பாருங்க."

அவருடையது அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடியது. மாட்டினாள். ஒலி தேனாக இறங்கியது. ஆனால் அதிலும் பாதிதான்.

"சூப்பர் சார்" என்று சொல்லிக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள்.

பஸ்ஸில் அவமானமும் கோபமும் முட்டிக்கொண்டு வந்தன. பிறகு ஒன்று தோன்றியது. இவ்வளவு காசு கொட்டியும் தீராத சங்கடம் என்றால், தீர்வு காசில் இல்லை. வேறெங்கோ இருக்கிறது.

கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். விஷயத்தைக் கேட்டதும் கட்டரோடு வந்து நின்றார். "ரெண்டு ஒயரையும் வெட்டி ஒண்ணா முறுக்கிட்டா போச்சு."

"உங்க ஃப்ரிட்ஜ் வைத்தியத்த இதுகிட்ட காட்டாதீங்க. புகைஞ்சுதுன்னா என் பொழப்பும் சேர்ந்து புகைஞ்சுடும்."

அலமாரிக்கும் சமையலறைக் கதவுக்கும் நடுவில் செருகியிருந்த மேசையில் உட்கார்ந்து, கணினியின் அமைப்புப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பார்வை, செவித்திறன் குறைந்தவர்களுக்கான பக்கத்தை அதுவரை தொட்டதே இல்லை. அது யாருக்கோ என்று நினைத்திருந்தாள். அங்கேதான் இருந்தது, இரு பக்கத்து ஒலியையும் ஒன்றாகக் கலந்து தரும் 'மோனோ ஒலி' என்று ஒரு பொத்தான். அழுத்தினாள்.

"வந்துட்டார்!"

"யாரு?" கணவர் வாசலைப் பார்த்தார்.

"வலப்பக்கத்து ஆள்! ரெண்டு பேரும் ஒரே காதுல பேசறாங்க!"

கணவரும் மாட்டிப் பார்த்தார். "அதெல்லாம் சரி, என்ன இது, கம்ப்ரஸர் மாதிரி உறுமுது?" ஹெட்போன் ஒயரை முன்பக்கத் துளையிலிருந்து பிடுங்கிப் பின்பக்கத்தில் செருகினார். உறுமல் பாதியானது. மறுநாள் செல்போன் கடையிலிருந்து, கட்டைவிரல் அளவில், யு.எஸ்.பி.யில் செருகும் ஒரு சவுண்ட் அடாப்டர் வாங்கிவந்தார். விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான். செருகியதும், ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜ் சட்டென்று நின்றால் வீடு எப்படி அமைதியாகுமோ அப்படி ஆனது. உரிந்துபோன காது மெத்தைகளுக்குப் பதில் புதியவை மாட்டியதும், கிணற்றுக்குள்ளிருந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் மேலேறி எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள்.

வேலை பழைய வேகத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மேலாளரே ஒரு பதிவை அனுப்பிவிட்டு, போனிலும் கூப்பிட்டார்.

"மூணு பேர் கேட்டுப் பாத்தாச்சு. முக்கியமான இடத்துல ரெண்டு பேரும் ஒண்ணாக் கத்தறாங்க, ஒண்ணும் புரியல. முடிஞ்சா பாருங்க."

முதலில் அவளுக்கும் புரியவில்லை. அலுவலரின் குரல் வாடிக்கையாளரை அமுக்கிவிட்டது. யோசித்தாள். மோனோவை அணைத்தாள். ஹெட்போனைத் திருப்பி மாட்டினாள். அலுவலர் கேட்காத காதுக்குள் போய் மறைந்தார். உறுமல் இல்லாத அமைதியில் ஒரு முதியவரின் நடுங்கும் குரல் துல்லியமாக வந்தது. "மழைத் தண்ணி இல்லம்மா. மேல் வீட்டுக் குழாய் வெடிச்சு வந்த தண்ணி."

மழையென்றால் இழப்பீடு இல்லை, குழாய் வெடிப்பென்றால் உண்டு; எல்லாமே அந்த ஒரு வரியில்தான் இருந்தது. தட்டச்சு செய்து அனுப்பினாள். கால் மணியில் போன் வந்தது.

"எப்படிம்மா? என் ஹெட்போன்லயே கேக்கலயே!"

வழக்கமாகச் சிரித்து மழுப்பியிருப்பாள். இந்த முறை மழுப்பத் தோன்றவில்லை.

"எனக்கு ஒரு காதுதான் சார். சின்ன வயசுலேருந்து. நீங்க ரெண்டு பேரையும் சேர்த்துக் கேட்டீங்க. நான் அவர மட்டும் தனியாக் கேட்டேன்."

"எட்டு வருஷமாவா?" என்றார். பிறகு, "திங்கக்கிழமை வாங்க. சிக்கலான பதிவெல்லாம் இனிமே உங்களுக்குத்தான். மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுங்க."

"சொல்லித் தரேன் சார். ஆனா பேசறவங்க என் இடப்பக்கம் உக்காரணும்."

சனிக்கிழமை காலை வேலை இல்லை. மோனோவைத் திரும்பப் போட்டு, சிறுவயதில் ரேடியோவில் கேட்ட ஒரு பாட்டை ஓடவிட்டாள். ஹெட்போன் மாட்ட ஆரம்பித்த பிறகு அதில் புல்லாங்குழலைக் காணோம். தன் நினைவுதான் பிசகு என்று எப்போதோ முடிவுகட்டியிருந்தாள். இத்தனை நாள் வலப்பக்கத்தில் ஒளிந்திருந்த அது, இரண்டாவது சரணத்துக்கு முன்னால், இருந்த இடத்திலேயே இருந்தது. முழுசாக, வாசிப்பவர் மூச்சு வாங்கும் சத்தம் உட்பட.

சமையலறையிலிருந்து கணவர் ஏதோ கேட்டார். அவள் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, ஒலியை இன்னும் ஒரு படி கூட்டினாள்.