ஆர்டிஸின் மெதுவான குண்டு

என் மனைவி ஆர்டிஸின் வலது தோள் உடைந்தது ஒரு மார்ச் மாதத்தில். தலைச்சன் ஈற்றுக்கு நின்ற கிடேரி ஒன்று மிரண்டு, அவளைத் தொழுவத்து இரும்புக் கதவோடு சேர்த்து நசுக்கிவிட்டது. பில்லிங்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்தார்கள். "கை பழையபடி வந்துடும். ஆனா துப்பாக்கியை மறந்துடுங்க. அந்த உதையைத் தோள் தாங்காது" என்றார் டாக்டர். வழக்கமாக ஊர் திரும்பும் வழியெல்லாம் யார் வேலி சாய்ந்திருக்கிறது, யார் வைக்கோல் மழையில் நனைகிறது என்று ஒருவரையும் விடாமல் திட்டிக்கொண்டே வருகிறவள், அன்று வண்டியில் வாயே திறக்கவில்லை.

நாங்கள் மாடு வளர்க்கிறவர்கள்தான். ஆனால் மாடு சந்தைக்கு. எங்கள் சட்டியில் வேகிறது எல்க் மான். பனி விழத் தொடங்கியதும் மலையேறி ஒன்றை வீழ்த்திக் கொண்டுவந்தால் மறு வேனில் வரைக்கும் கவலை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் என்னைவிட அதிகம் கொண்டுவந்தவள் அவள்தான். அந்த வருஷம் ஊராரும் நானும் மலைக்குப் போனபோது அவள் அடுப்படியில் நின்று உருளைக்கிழங்கு சீவினாள். கிழங்கு மீது ஏதோ பகை இருந்ததுபோல் சீவினாள்.

மறு வருஷம் கை தேறிய பிறகு எனக்குச் சொல்லாமல் ஒரு தோட்டா சுட்டுப் பார்த்திருக்கிறாள். சத்தம் கேட்டு ஓடினேன். கொல்லைப்பக்கம் முகம் வெளுத்து, துப்பாக்கியை மடியில் கிடத்தி, புல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல, சும்மா புல்லு எவ்வளவு வளந்திருக்குன்னு பாக்கறேன்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவளுடைய அண்ணன் டெல்மர் ஊரில் விதை, தீவனம், வேட்டைச் சாமான் எல்லாம் விற்கிற கடை வைத்திருக்கிறான். அவனிடம் போய், தன் துப்பாக்கிக்கு மெதுவாக உதைக்கிற தோட்டா இருக்கிறதா என்று கேட்டாள். அது வாய் அகலமான பழைய துப்பாக்கி. அதற்கு வருகிற தோட்டாக்கள் எல்லாம் கோவேறு கழுதை மாதிரி உதைப்பவை.

"அப்படி ஒண்ணு எவனும் செய்யறதில்ல, தங்கச்சி. உனக்காகத் தனியா ஒரு கம்பெனி தொடங்கணும்."

"தொடங்கிட்டாப் போச்சு" என்றாள் அவள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் டாக்டரிடமே திரும்பப் போய், எவ்வளவு உதை வரைக்கும் தாங்கும் என்று நச்சரித்துக் கேட்டு வந்தாள். பிறகு, தோட்டா கட்டுவதற்கென்றே வெளியாகிற தடித்த கையேடு ஒன்றை வாங்கி, வேத புத்தகத்தைவிட ஊன்றிப் படித்தாள். டயர் கடையில் கிடந்த பழைய ஈயக் கட்டிகளைச் சேகரித்தாள். பால் கறக்கிற வேலை நின்றுபோன கொட்டகை ஒன்று எங்களிடம் உண்டு. அதன் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்து, தடித்த கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்தாள். ஈயம் விஷம் என்று, அந்த வேலைக்குப் போடுகிற சட்டை கொட்டகையைத் தாண்டி வீட்டுக்குள் வராது. கை கழுவாமல் ரொட்டியைத் தொடமாட்டாள்.

முதல் முறை வார்த்த குண்டுகள் காய்ந்த திராட்சை மாதிரி சுருங்கி வந்தன. அச்சு போதுமான அளவு சூடாகவில்லையாம். எல்லாவற்றையும் திரும்ப உருக்கினாள். அடுத்தது பரவாயில்லை, ஆனால் குறி பார்த்துச் சுட்டால் பலகையில் ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. வெடிமருந்தைக் கொஞ்சம் மாற்றினாள், குண்டுக்குப் பூசுகிற மெழுகை மாற்றினாள், மறுபடி சுட்டாள். டெல்மருக்கு இது திருவிழா.

"என்ன மச்சான், உன் பொண்டாட்டி ஈயத்தை வேக வச்சு வேக வச்சு, உனக்குச் சோறு வேக வைக்கிறாளா இல்லையா?" என்று கடையில் நாலு பேர் முன்னால் கேட்பான்.

"என் சோத்தை நானே வேக வச்சுக்கறேன், மச்சான். உன் வீட்டுல எப்படி?"

"சிரி, சிரி. அவ உக்கார்ற நேரத்துக்குக் கூலி போட்டுப் பாரு. ஒவ்வொரு தோட்டாவும் தங்கத்துல செஞ்ச மாதிரி ஆகும்."

அது உண்மைதான். நானும் மனசுக்குள் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கொட்டகையில் அவள் முகத்தைப் பார்த்தால் கணக்கு மறந்துபோகும். தோள் உடைந்த பிறகு அவள் எதிலும் அப்படி ஒன்றிப்போய் நான் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம், அந்த வருஷ வேட்டைப் பருவத்துக்கு வேண்டிய தோட்டாக்களை அவள் நிரப்பிக்கொண்டிருந்தாள். பித்தளைக் கூடுகளை ஒரு மரப்பலகையின் குழிகளில் நிறுத்தி, தராசில் மருந்தை நிறுத்து, கூட்டில் கொட்டி, மேலே குண்டை அழுத்தி மூடுவாள். வாசலில் நின்று, "கன்னுக்குட்டி ரெண்டு வாய்க்காலுக்குள்ள எறங்கிடுச்சு, கேட்டைத் திறந்து விட்டது யாரு?" என்று கத்தினேன். அவள் எழுந்து வந்தாள். இருவருமாகப் போய்க் குட்டிகளை மேலே ஏற்றிவிட்டுத் திரும்பினோம்.

பலகை முன்னால் உட்கார்ந்து மறுபடி வேலையைத் தொடங்கி, மூன்று நாலு தோட்டாவை முடித்தவள் திடீரென்று கையை நிறுத்தினாள்.

"என்ன?"

"நீ கூப்பிட்டப்ப கையில இருந்த மருந்தை எதுல கொட்டினேன்னு ஞாபகம் இல்ல. திரும்பி வந்து அதுலயே ரெண்டாவது தடவையும் கொட்டிட்டேனோ என்னவோ. அதுக்கப்புறம் மூணு நாலு குண்டு வேற மூடிட்டேன், அதையும் மத்ததோட சேத்து டப்பாவுல போட்டுட்டேன்."

அவள் போடுகிற மருந்து மிகவும் கொஞ்சம். அகலமான கூட்டின் அடியில் கிடக்கும். இரண்டு மடங்கு கொட்டினாலும் வழியாது, மூடினால் வெளியே தெரியாது. அப்படிப்பட்ட ஒன்றைச் சுட்டால் துப்பாக்கி முகத்துக்கு நேரே பிளந்துவிடலாம்.

"நிறுத்துப் பாத்தா தெரிஞ்சுடாதா?"

"ஈயம் வார்க்கும்போதே ஒண்ணுக்கொண்ணு எடை மாறுது. அதை நம்ப முடியாது."

"ஆர்டிஸ், அப்படி ஆகியிருந்தாலும் ஒண்ணே ஒண்ணுதானே?"

"சரி. அந்த ஒண்ணு எது?"

அவள் டப்பாவைக் கவிழ்த்தாள். அன்று காலையிலிருந்து செய்தது அத்தனையும் மேஜையில் உருண்டது. தோட்டாவைப் பிரிக்க ஒரு கருவி உண்டு, சுத்தியல் மாதிரி இருக்கும். அதன் தலைக்குள் தோட்டாவை மாட்டி மரக்கட்டையில் ஓங்கி அடித்தால் குண்டு கழன்று விழும். வலது கையால் அவளால் ஓங்க முடியாது, இடது கையால் அடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கருவியை வாங்கிக்கொண்டேன். நான் அடிக்க அடிக்க, அவள் ஒவ்வொன்றின் மருந்தையும் தராசில் போட்டுப் பார்த்தாள்.

ஒன்றிலும் தப்பு இல்லை. எல்லாம் சரியாகவே இருந்தன.

"இப்ப என்ன சொல்ற?" என்றேன்.

"இப்பத்தான் தெரியும்னு சொல்றேன்" என்றாள். மறுநாள் கொட்டகைக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிதாக எழுதியிருந்தது: வீடே எரிந்தாலும் கூப்பிடாதே.

பருவம் தொடங்கிய முதல் வாரம் இருவரும் மலையேறினோம். பள்ளத்துக்கு அந்தப் பக்கச் சரிவில் நல்ல கொம்பன் எல்க் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அவள் துப்பாக்கியை உயர்த்தினாள், பார்த்தாள், இறக்கிவிட்டாள்.

"அடிக்கலாமே."

"தூரம். என் குண்டு அங்க போறதுக்குள்ள தளந்துடும். அடிபட்டு ஓடி எங்கயாவது கெடந்து சாகும். நீ அடி."

என்னிடம் இருந்தது டெல்மர் கடைத் தோட்டா. அடித்தேன். கொம்பன் அங்கேயே விழுந்தது. மறுநாள் டெல்மருக்குத் தலைகால் புரியவில்லை. "பெட்டியைப் பிரிச்சோமா, போட்டோமா, சுட்டோமான்னு முடிஞ்சுது!" என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னான். அவனைக் குறை சொல்ல முடியாது. நடந்தது அதுதான்.

ஒரு சீட்டுக்கு ஒரு எல்க் என்பதால் என் வேட்டை அனுமதிச் சீட்டு அதோடு தீர்ந்தது. அதன் பிறகு அவளோடு கூட நடக்க மட்டும் போனேன். நவம்பர் முழுக்க நடந்தோம். கிட்டப் போனால் காற்று மாறும், மந்தை கலையும். இன்னொரு நாள் பெட்டை ஒன்று எட்டுகிற தூரம் போல் நின்றது. இல்லை என்று தலையாட்டிவிட்டாள். என் பொறுமைதான் முதலில் போனது. "உங்கண்ணன்கிட்ட ஒரு பெட்டி வாங்கி என் துப்பாக்கியில போட்டுத் தரேன், ஒரே ஒரு உதைதானே?" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவள் பூட்ஸ் கயிற்றை இறுக்கினாள்.

பருவம் முடிகிற தறுவாயில் நல்ல பனி. ஒரு காலையில் பைன் மரங்களுக்குள் புது அடிச்சுவடு பார்த்தோம். காற்று எங்கள் முகத்தில் அடித்தது. ஆர்டிஸ் குனிந்தாள், பிறகு மண்டியிட்டாள், பிறகு பனியில் வயிறு பதியப் படுத்து, இடது முழங்கையை ஊன்றி ஊன்றி ஊர்ந்தாள். நான் ஒரு மரத்தடியில் நின்றுவிட்டேன். கொஞ்சம் ஊர்வாள், அசையாமல் கிடப்பாள். குல்லாய் மேல் பனி சேர்ந்தது. மரங்களுக்கு நடுவே ஒரு பெட்டை எல்க் பனியைக் குளம்பால் கிளறிப் புல் தின்பது எனக்குத் தெரிந்தது. எங்கள் வாசலுக்கும் வேலிக்கதவுக்கும் உள்ள தூரம்கூட இராது, அவ்வளவு நெருங்கியிருந்தாள்.

சத்தம் கடைத் தோட்டா மாதிரி காதைக் கிழிக்கவில்லை. மொத்தையாக ஒரு ‘தும்’. எல்க் தலையைத் தூக்கியது, சில அடி நடந்தது, படுத்தது. எழுந்திருக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அதன் கழுத்தில் கையுறையைக் கழற்றிய கையை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"தோள் எப்படி இருக்கு?" என்றேன்.

ஒரு விநாடி யோசித்தாள். "உதைச்சுதா என்ன?" என்றாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். முகத்தைத் துடைத்தபோது கன்னமெல்லாம் பனியும் பைன் ஊசியிலையும் ஒட்டிக்கொண்டன.

கூறு போட்டு, சறுக்குப் பலகையில் கட்டி இழுத்துக்கொண்டு இறங்கினோம். அந்த இழுப்பில்தான் அவளுக்குத் தோள் வலித்தது. நான்கு நாள் வெந்நீர்ப் பை வைத்தாள். அதைப் பற்றி ஒரு முனகல் இல்லை.

ஞாயிறு மத்தியானம் டெல்மர் சாப்பிட வந்தான். வெங்காயத்தோடு வதக்கிய இறைச்சியும் பிசைந்த உருளைக்கிழங்கும் மேஜைக்கு வந்தன. அவன் நன்றாக மென்று தின்றான்.

"என்ன இருந்தாலும், கட்டுப்படியாகாது தங்கச்சி" என்றான் வாய் நிறைய வைத்துக்கொண்டு. "நேரம், ஈயம், மருந்து, அச்சு… எதைக் கூட்டினாலும் கட்டுப்படியாகாது."

"ஆகாதுதான் அண்ணே" என்றாள் ஆர்டிஸ். "இன்னொரு துண்டு வைக்கவா?"

அவன் தட்டை நீட்டினான்.