அரிசி டின்னில் ஆறு மணி முதல் பத்து வரை

காலை ஆறு மணிக்குப் பாண்டீஸ்வரன் தன் செல்போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடுவான். பத்து மணிக்கு எடுப்பான். இடைப்பட்ட நான்கு மணி நேரத்தில் அவன் எழுதி முடிக்கும் புரோகிராமைச் சென்னை ஆபீசில் ஆறு பேர் கூடி உட்கார்ந்து இரண்டு நாள் பேசுவார்கள். பேசத்தான் செய்வார்கள்.

முறை ரொம்பச் சாதாரணமானது. அவன் மனைவி அமுதவள்ளி டீச்சர். அவள் கைப்பையில் எப்போதும் கிடக்கும் சாக்பீஸ் துண்டால் அறைக்கதவின் பின்பக்கம் அன்றைய வேலை மூன்றை எழுதுவான். நான்காவது என்று ஒன்றை எழுதியதே இல்லை. ஒவ்வொன்றும் முடிந்ததும் கையாலேயே அழித்துவிடுவான். சட்டையில் சுண்ணாம்புப் பொடியோடு திரிகிற சாப்ட்வேர் ஆள் கருவேலங்குடியில் மட்டுமல்ல, இராமநாதபுரம் மாவட்டத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

இந்த முறையில் இருந்த ஒரே ஓட்டை சுரேஷ் சார். சென்னையில் இருந்துகொண்டு டீமை மேய்ப்பவர். அந்தக் கம்பெனியில் உழைப்பு என்பது பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி. புள்ளி எரிந்தால் ஆள் உழைக்கிறான், அணைந்தால் தூங்குகிறான். சார் ஆறரை மணிக்கே "எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். பாண்டீஸ்வரன் பதில் சொல்ல உட்கார்ந்தால் வேலை எதுவரைக்கும் வந்ததோ அங்கேயே நின்றுவிடும்.

ஓட்டையை அடைத்தவன் வீரமணி. அடுத்த தெருக்காரன். ஒரே காலேஜ், ஒரே டீம்.

"நீ டின்னுக்குள்ள போட்டுட்டு வேலையப் பாரு மாப்ள. சார் கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்றான்.

எட்டு மாதம் அப்படியே நடந்தது. சார் கேட்பார், வீரமணி சொல்வான். பாண்டீஸ்வரனுக்கு நன்றி தாங்கவில்லை. அந்த வருசம் அவன் அய்யாவின் கொல்லையில் எடுத்த முதல் எடுப்புக் குண்டு மிளகாயில் ஒரு படி வீரமணி வீட்டுக்குத்தான் போனது.

அப்போதுதான் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது. இனி எல்லோரும் சென்னைக்கு வரவேண்டும். டீமுக்கு ஒருவர் மட்டும் சொந்த ஊரிலிருந்தே வேலை பார்க்கலாம். அந்த ஒருவர் யாரென்று வெள்ளிக்கிழமை பத்து மணிக் கூட்டத்தில் முடிவாகும். ஆஸ்பத்திரிகளுக்கு எழுதிக் கொடுத்த டோக்கன் மென்பொருள் நாற்பதாம் நம்பரைக் கூப்பிட்ட பிறகு முப்பத்தொன்பதைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்தவர் வந்து விளக்குவதும் அதே கூட்டத்தில்தான்.

சரிசெய்தவன் பாண்டீஸ்வரன். பதினோரு காலைப்பொழுதுகள் பிடித்தன. வீட்டுக்கு வந்த வீரமணிக்கும் அதைக் கதவிலேயே படம் போட்டு விளக்கியிருந்தான்.

அவனுக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. அமுதவள்ளி மூன்று வருசம் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்துவிட்டு, இந்தக் கலந்தாய்வில்தான் நாலு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பள்ளிக்கு மாற்றல் வாங்கி வந்திருந்தாள். இருவரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அவன் சென்னைக்குப் போனால் மறுபடி ஞாயிற்றுக்கிழமைப் புருசன்தான்.

போட்டிக்கு ஆள் இருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை. "இங்கன என்ன மாப்ள இருக்கு, உப்புத்தண்ணியும் கருவேல முள்ளும். நான் மெட்ராஸ் போறேன், அந்த எடத்த நீ வச்சுக்க" என்று வீரமணி பலமுறை சொல்லியிருந்தான். சித்திரையில் அவனுக்குப் பரமக்குடியில் பெண் நிச்சயமானது. பெண்ணை மாவட்டம் தாண்டி அனுப்ப மாட்டோம் என்று கலைச்செல்வி வீட்டார் சபையிலேயே சொன்னார்கள். நிச்சயத் தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றவனே பாண்டீஸ்வரன்தான். தட்டு கனமாக இருந்ததால் அவன் வேறெதையும் யோசிக்கவில்லை.

கூட்டம் நடக்கிற வாரத்தில் ஊரில் அம்மன் கோயில் திருவிழாவும் வந்து சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டவர்கள் பகலில் எங்கே போனாலும் இராத்திரி ஊருக்குள் வந்துதான் படுக்க வேண்டும். எட்டாம் நாள் காப்பு அவிழ்க்கும்வரை அதுதான் சட்டம். சென்னைக்குப் போய் வருவதென்றால் இராத்திரி ரயிலில்தான் கழியும்.

அய்யா முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார். "ஏலே, ஆபீஸ் காரியம்னா இந்த வருசம் கட்டாத. ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

பாண்டீஸ்வரன் கேட்கவில்லை. வீரமணியும் கட்டுகிறான், இருவரும் வீடியோவில் கலந்துகொள்வதாகச் சாருக்கு அவனே எழுதிவிட்டான், சாரும் சரியென்றுவிட்டார். பிறகென்ன? இருவரும் வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று பூசாரியிடம் கையை நீட்டினார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கும்மிக்கு வீரமணியைக் காணோம். தலைவலி, படுத்திருக்கிறான் என்றாள் அவன் அம்மா இராமலட்சுமி. அமுதவள்ளி தூக்குவாளியில் மிளகு ரசம் கொடுத்தனுப்பினாள். வாளி கழுவிச் சுத்தமாகத் திரும்பி வந்தது. ரசத்தை யார் குடித்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு செல்போன் டின்னுக்குள் போனது. கதவில் மூன்று வேலைகள். டோக்கனைக் கடைசியாக ஒருமுறை சோதிப்பது. பத்து மணிக் கூட்டம். மூன்றாவதாக, 'அமுதாவிடம் சொல்ல வேண்டும்.'

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது லேப்டாப்பில் கூட்டத்துக்குள் நுழைந்தான். திரையில் சென்னை ஆபீசின் நீள மேஜை. தலைமாட்டில் சுரேஷ் சார். அவருக்கு வலப்பக்கம், முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டுக்கொண்டு, வீரமணி.

தலைவலி தீர்ந்துவிட்டது போலிருந்தது.

அவன்தான் எழுந்து டோக்கன் கோளாறை விளக்கினான். போர்டில் போட்ட படம் பாண்டீஸ்வரன் கதவில் போட்ட படம். அம்புக்குறிகூட அதே கோணல். எப்படி இவ்வளவு வேகமாக வேலை பார்க்கிறீர்கள் என்று யாரோ கேட்டார்கள். வீரமணி கொஞ்சம் வெட்கப்பட்டுவிட்டு, தினமும் ஆறு மணிக்கு போனை அரிசி டின்னுக்குள் போட்டுவிடுவதாக இங்கிலீஷில் சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். திங்கட்கிழமை ஆபீசுக்கே ஒரு டின் வாங்கிவிடலாம் என்றார் சார்.

போர்டை அழிக்க வீரமணி கையை உயர்த்தியபோது சட்டைக்கை கொஞ்சம் இறங்கியது. மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது. அவிழ்த்து வைத்துவிட்டாவது போயிருக்கலாம் என்று பாண்டீஸ்வரனுக்குத் தோன்றியது.

சார் திரையைப் பார்த்துப் பேசினார். "எட்டு மாசமா காலைல நான் எப்ப எது கேட்டாலும் பதில் சொன்னது வீரமணிதான். திருவிழாவையும் விட்டுட்டு வந்திருக்கார். அதனால ஊர்ல இருக்கற இடம் அவருக்கு. பாண்டீஸ்வரன், நீங்க ஒண்ணாம் தேதி இங்க வந்துடுங்க. உங்களுக்கு ஓகேதானே?"

மைக் அணைத்திருந்தது. பாண்டீஸ்வரனின் விரல் அதைத் தேடிப்போவதற்குள், எட்டு மாதப் பழக்கத்தில், வீரமணி முந்திக்கொண்டான்.

"அவனுக்கு ஓகேதான் சார்."

சார் நன்றி சொன்னார். திரை அணைந்தது.

நெடுநேரம் கழித்துத்தான் போன் ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தான். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்த ஒரு செய்தி இருந்தது. 'மாப்ள, சார் நேர்ல வரச் சொல்லிட்டாரு. ராத்திரி ரயில்ல ஏறி வந்துட்டேன். சொல்லாமப் போயிட்டேன்னு நெனைக்காத.' சார்ஜ் ஏற்றும் துளையில் ஒரு அரிசி சிக்கியிருந்தது. ஊக்கால் நோண்டிப் பார்த்தான், உள்ளே போய்விட்டது.

காப்பு அவிழ்க்க இன்னும் நான்கு நாள் கிடந்தது. அதுவரை ஒரு இராத்திரிகூட அவன் ஊரைத் தாண்டக் கூடாது. அதற்குப் பிறகு தாண்டாமல் இருக்கக் கூடாது.

சாயங்காலம் அமுதவள்ளி பள்ளியிலிருந்து வந்து கைப்பையை மாட்டக் கதவைச் சாத்தினாள். அதன் பின்பக்கத்தில் இரண்டு வரி அழிந்திருந்தது. ஒன்று மட்டும் இருந்தது. அவள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னமோ சொல்லணும்னு எழுதியிருக்கீக. என்ன கேட்டாக, நீங்க என்ன சொன்னீக?"

பாண்டீஸ்வரன் எழுந்துபோய் மூன்றாவது வரியையும் கையால் அழித்தான்.

"எங்கிட்டதான் கேட்டாக. வீரமணி சொல்லிட்டான்."