நான்காவது திரை

வைத்திலிங்கத்தின் கட்டைவிரல் நான்காவது திரை வரைக்கும் தடங்கலில்லாமல் வந்துவிட்டு, அங்கே அப்படியே நின்றது. இசைவாணி தன் கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். முதல் மூன்று திரைகளுக்கும் சேர்த்து ஒன்றரை நிமிடம். அறுபதைத் தாண்டிய மனிதருக்கு, அதுவும் பலாப்பழம் அறுத்துவிட்டு எண்ணெய்க் கையோடு உட்கார்ந்தவருக்கு, அது நல்ல வேகம். நான்காவதில் மட்டும் நான்கு நிமிடம் போய்விட்டது. உதவி செய்யக்கூடாது, விரலால் சுட்டிக்காட்டக்கூடாது, முகத்தில்கூட ஒன்றும் தெரியக்கூடாது. இந்த வேலைக்கு அதுதான் சட்டம். அவள் நோட்டுப் புத்தகத்தில் கண்ணை வைத்துக்கொண்டாள்.

சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருக்கிறது அவள் அலுவலகம். ஆப்பில் எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், எதற்குப் பின் எது வர வேண்டும், எந்த வார்த்தை போட்டால் ஜனங்களுக்குப் புரியும் என்றெல்லாம் முடிவுசெய்வது அவள் வேலை. இது ஒரு தனியார் மருத்துவமனைக்கான ஆப். மருத்துவமனையே கொடுக்கும் குடும்ப அட்டை இருந்தால் அங்கே பாதிக் கட்டணம்தான். ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். போன வருடம் வரை தாள் அட்டை, கவுன்டரில் நீட்டினால் சீல் குத்திக் கொடுத்துவிடுவார்கள், யாரைப் பற்றியும் ஒரு கேள்வி கிடையாது. இந்த வருடம் ஆப்பில்தான். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

புதுப்பிக்க ஆரம்பிப்பவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் நான்காவது திரையோடு நின்றுவிடுகிறார்கள். பட்டன் சின்னதாக இருக்கிறது என்றார் முதலாளி அருண்பாண்டியன். பெரிதாக்கினாள். நிறம் சரியில்லை என்றார். பச்சையாக்கினாள். பச்சைக்கும் யாரும் மசியவில்லை. சரி, நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டாள். முதுநகரில் தைலம்மாள் என்ற அம்மா அந்தத் திரையில் நின்று, சிக்னல் இல்லையே என்றார். சொல்லி வாய் மூடவில்லை, கையிலிருந்த போன் கணகணவென்று அடித்தது. மேல்பட்டாம்பாக்கத்தில் ஒருவர் கண்ணாடியைக் காணோம் என்றார். கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது. இசைவாணி இரண்டையும் அக்கறையாகக் குறித்துவைத்தாள். எல்லோரும் அவளிடம் பொய் சொல்கிறார்கள் என்பது தெரிந்தது. எதை மறைக்க என்பதுதான் பிடிபடவில்லை.

மூன்றாவது வீடு இது. வடலூரில் பஸ் மாறி, காடாம்புலியூரில் இறங்கி, முந்திரித் தோப்பு வழியாக ஒரு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தாள். வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டார்.

“எந்த ஊரு பாப்பா?”

“கடலூருங்க அய்யா. முதுநகர்.”

“முதுநகர்ல எந்தப் பக்கம்? சர்ச்சு கிட்டயா?”

இசைவாணிக்குச் சுருக்கென்றது. ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அப்பா பெயரைக் கேட்டு, கடைசியில் எங்கே வந்து நிற்பார்கள் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்து அவளுக்கு அத்துப்படி. இழுப்பானேன் என்று அவளே எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னாள். “சர்ச்சுக்குப் பின்னால தெரு. அப்பா பேரு லூர்துசாமி.”

“ம்,” என்றார் அவர். “அந்தப் பக்கம் மழ பேஞ்சா வீட்டுக்குள்ள தண்ணி வருதாமே? இப்பவும் அப்பிடித்தானா?”

“ஜாஸ்தி பேஞ்சா வரும்ங்க.”

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மனைவி மலர்க்கொடி வாசற்படியில் உட்கார்ந்து சுளையிலிருந்து கொட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆப்பை இயக்கிக் காட்டும் சோதனைக்கு இசைவாணி முதலில் அவரைத்தான் கேட்டாள். “எனக்கு போனுல்லாம் வராதும்மா, அவுரையே கேளு,” என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அந்த அம்மாவுக்கு அதே மருத்துவமனையில் கர்ப்பப்பை ஆபரேஷன். அதற்குள் அட்டை புதுப்பித்தாக வேண்டும். எனவே இந்த வீட்டில் சோதனையும் நிஜம்தான், காரியமும் நிஜம்தான்.

“மனசுல தோணறத அப்பிடியே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே பண்ணுங்க அய்யா,” என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். அதுவும் சட்டம்.

“தனியா பேசிக்கிட்டிருந்தா ஊருல வேற மாதிரி சொல்லுவாங்க பாப்பா,” என்று சிரித்தவர்தான். இப்போது சிரிப்பும் இல்லை, பேச்சும் இல்லை.

நான்காவது திரையில் குடும்பத்தின் நான்கு பேரும் படத்தோடு இருப்பார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் இரண்டு பட்டன்: தொடர்கிறார், நீக்கு. தனக்கும் மனைவிக்கும், சென்னையில் வேலை பார்க்கும் மகன் ராஜவேலுக்கும் பச்சையை அமுக்கிவிட்டார். மிச்சமிருந்தது சந்திரலேகா. பழைய அட்டையிலிருந்த படம். இரட்டைச் சடை, பள்ளிச் சீருடை. விரல் நீக்கு மேல் போய் இறங்கியது. காரணம் என்ன என்று ஒரு பெட்டி திறந்தது. காலமானார். திருமணமாகிச் சென்றார். பிற. அதிகம் தேவைப்படுவது மேலே இருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்து இசைவாணியே அடுக்கிய வரிசை.

“இதுல ஒண்ண அமுக்கியே ஆவணுமா?” என்றார் வைத்திலிங்கம்.

“ஆமாங்க அய்யா.”

படியிலிருந்து மலர்க்கொடியின் குரல் வந்தது. தலையை நிமிர்த்தவில்லை, கை சுளையைப் பிரிப்பதையும் நிறுத்தவில்லை. “காலமாயிட்டான்னு அமுக்குங்க. ஊருக்கு அப்பிடித்தான சொன்னீங்க. தலமுழுவி, கருமாதி பண்ணி, பந்தி போட்டு சோறு போட்டீங்களே. இந்த ஆஸ்பத்திரிக்காரனுக்கு மட்டும் இன்னாத்துக்கு மறைக்கணும்?”

வெளியாள் முன்னால் அந்த வீட்டில் அப்படியொரு பேச்சு அதுவரை நடந்திருக்காது. இசைவாணிக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

“எங்க பொண்ணும்மா,” என்று மலர்க்கொடி இப்போது அவளிடம் சொன்னார். “உயிரோடதான் இருக்கறா. உங்க முதுநகர்ப் பையனத்தான் கட்டிக்கிட்டா. வேதக்காரப் பையன். மூணு வருசமாவுது.”

இசைவாணிக்கு முகம் சூடாகிவிட்டது. சர்ச்சு கிட்டயா என்று அவர் கேட்டது அவள் சாதியை அறிய அல்ல. மழைத் தண்ணீர் உள்ளே வரும் அந்தத் தெருவில் மகள் இருக்கிறாள், அவ்வளவுதான். கேட்க வேறு ஆள் இல்லாமல் அவளிடம் கேட்டிருக்கிறார். இவர் செய்த காரியத்துக்கு இவர் மேல் கோபப்படத்தான் வேண்டும். வந்த கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. மூன்று வருடமாகச் சீல் குத்தி வாங்கிய தாளில் அந்தப் பெயர் பத்திரமாக இருந்திருக்கிறது. இசைவாணி வந்து, மகள் இருக்கிறாளா இல்லையா, ஒன்றைச் சொல் என்று பச்சைப் பட்டனை வைத்துக் கேட்கிறாள். தைலம்மாளின் திரையில் யார் பெயர் நின்றதோ. நினைக்கவே அவமானமாக இருந்தது.

வைத்திலிங்கத்தின் விரல் காலமானார் மேல் வந்தது. தொடவில்லை. அடுத்த வரிக்கு இறங்கியது. திருமணம் என்று அமுக்கினால் அதைத் திருமணம் என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். அங்கும் தொடவில்லை. பிற என்றால் என்னவென்று எழுதச் சொல்லும். விரலை வேட்டியில் அழுத்தித் துடைத்தார். பிறகு பெட்டியை மூடிவிட்டுப் பழைய திரைக்கு வந்து, சந்திரலேகாவின் பக்கத்தில் தொடர்கிறார் என்பதை அமுக்கினார்.

மலர்க்கொடியின் கை நின்றது.

ஆப்புக்கு இதெல்லாம் தெரியுமா? உடனே கேட்டது: பழைய படம். புதிய படம் சேர்க்கவும்.

“அவ்ளோதான்,” என்றார் வைத்திலிங்கம். போனை நாற்காலி மேல் வைத்தார். “படத்துக்கு எங்க போவ? வுடு பாப்பா. முழுப் பணமும் கட்டியே ஆபரேசன் பண்ணிக்கலாம்.”

மலர்க்கொடி எழுந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அரிசி டிரம்மைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. வெளியே வரும்போது கையில் ஒரு போன் இருந்தது. போன் வராது என்ற அந்த அம்மா கண்ணாடிகூட இல்லாமல் மூன்றே தட்டலில் ஒரு படத்தை எடுத்துப் புருஷன் போனுக்கு அனுப்பினார். இத்தனை வேகமாக ஒருவர் போன் இயக்கி இந்த வாரம் முழுக்க இசைவாணி பார்க்கவில்லை.

“போன ஞாயித்துக்கெழம அனுப்புனா,” என்றார்.

வைத்திலிங்கம் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். மலர்க்கொடி பார்வையைத் தாழ்த்தவில்லை. வாசலில் காயப்போட்டிருந்த முந்திரிக்கொட்டையை ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது, அதை விரட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் அவர் போனைக் கையில் எடுத்தார்.

படத்தில் சந்திரலேகா ஒரு நீலச் சுவரின் முன்னால் நின்றாள். இடுப்பில் கவுன் போட்ட குழந்தை.

“எளச்சிட்டா,” என்றார் அவர். மூன்று வருடத்தில் மகளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் மலர்க்கொடி உடனே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

படத்தைப் போட்டதும் திரை சிவப்பில் எழுதியது: ஒரு முகம் மட்டுமே இருக்க வேண்டும். மகளின் முகத்தைச் சுற்றி ஒரு சதுரம் வந்து நின்றது. குழந்தை சதுரத்துக்கு வெளியே விழுந்துவிட்டது. அவர் சதுரத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். குழந்தை உள்ளே வந்ததும் மறுபடி சிவப்பு. மறுபடி இழுத்தார். மறுபடி சிவப்பு. திரையெல்லாம் எண்ணெய்த் தடம்.

“இத எப்பிடிம்மா பெருசு பண்றது? புள்ள வெளியில போவுது பாரு.”

இசைவாணி ஸ்டாப்வாட்சை நிறுத்தினாள். பதினோரு நிமிடம் நாற்பது விநாடி. நோட்டை மூடி, நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“பாப்பாவத் தனியா சேக்கலாங்க அய்யா. கீழ போங்க. இன்னும் கீழ.”

புதிய உறுப்பினர் என்ற பட்டன் யாரும் போகாத அடியாழத்தில் இருந்தது. அவர் அமுக்கினார். அதே படத்தை எடுத்து, இந்த முறை சதுரத்தைக் குழந்தையின் முகத்துக்கு அவரே கொண்டுபோய் வைத்தார். திரை ஒத்துக்கொண்டது. அடுத்து, உறவு என்ன என்று கேட்டது. பெரிய பட்டியல். அவர் விரல் எங்கும் நிற்காமல் இறங்கிப் போய், பேத்தி என்பதை அமுக்கியது.

அதற்குக் கீழே பெயர்.

விரல் நின்றது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பேரு இன்னா?” என்றார்.

மலர்க்கொடி தினம் மத்தியானம் தோப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு போனுக்குள் கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிட்ட பெயர்தான். வாயைத் திறந்தார். கன்னத்தில் இறங்கியதைப் பலாப்பிசின் ஒட்டிய புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி முயன்றார். வைத்திலிங்கம் விரலை எடுக்காமல் காத்திருந்தார். வெற்றுக் கட்டத்துக்குள் அந்தச் சின்னக் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.