துணைக்கு ஓர் ஆள்

ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட உட்கார்ந்த வீரம்மா, அவள் புஜத்தில் கன்றிக் கிடந்த விரல் தடத்தைக் கண்டுவிட்டாள். தேயிலைச் செடியின் வாது குத்திவிட்டதென்று அழகம்மா சொன்னாள். வாதுக்கு விரல் ஏது? வீரம்மா ஒன்றும் பச்சைக் குழந்தையில்லை.

செல்லசாமியின் பெயர் அழகம்மாவின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. மாமன் மகன், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குப் போகிறவன், பதினேழு வயது. திருவிழாவில் அவன் வாங்கித் தந்த ரிப்பனுக்குப் பல்லைக் காட்டியவள் அவள்தான், அதை இல்லையென்று சொல்ல முடியாது. அப்புறம்தான் அவன் விசாரணையை ஆரம்பித்தான். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது யாரோடு பேசினாய், கொழுந்து எடுக்கும்போது யாரைப் பார்த்துச் சிரித்தாய் என்று. முந்தாநாள் கொட்டகலைப் பக்கத்து ரயில் சுரங்கத்துக்குள் அழைத்துப்போய், இனி பக்கத்து வீட்டு மாயாண்டியோடு பேசமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்லித் தண்டவாளத்தின் மேலேயே பிடித்து வைத்திருந்தான். ரயில் கூவும்வரை கையை விடவில்லை. வெளியே வந்து அவனே அழுதான். யாரிடமாவது சொன்னால், நீயாகத்தான் என்னோடு வந்தாய் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்வேன் என்றான். அப்படிச் சொன்னால் அடுத்த முகூர்த்தத்திலேயே அவனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள். அழகம்மா அந்தப் பெயரை விழுங்கிக்கொண்டாள்.

"பீலிக்கரையில யாரோ கையப் புடிச்சு இழுத்தாம்மா. பனியில மொகம் தெரியல."

வீரம்மா பதறிப்போய் எண்ணெய்க் கையோடு எழுந்து ஓடினாள். கங்காணியிடம்தான் போகிறாள், இனி பீலிப் பக்கம் யாராவது கண் வைத்திருப்பார்கள் என்று நினைத்து அழகம்மா மூச்சு விட்டாள்.

திரும்பி வந்தபோது வீரம்மாவின் முகம் தெளிந்திருந்தது. கங்காணியிடம் போனால் ஊர் வாய்க்கு அவலாகிவிடும் என்று அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

"மொறப்பையன் இருக்கையில நமக்கென்னடி பயம்? இனிமே நீ எங்க போனாலும் செல்லசாமி தொணைக்கு வருவான். கேட்டதும் புள்ளைக்குக் கண்ணு கலங்கிப்போச்சு."

அழகம்மா தாயின் கையைப் பிடித்தாள். "அம்மா" என்றாள். அதற்குள் வாசலில் அவன் நின்றான், சட்டை மாற்றி, தலை வாரி.

"கொடத்தக் குடுங்க அத்த. தலைக்கு ஊத்தத் தண்ணி வேணும்ல?" குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டான். "எவன்னு பாத்துருவோம். வா அழகு."

வீரம்மா நிறைந்த மனசோடு மகளை மெல்ல வெளியே அனுப்பினாள். பீலிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் அவன் மரியாதையாக ஒதுங்கி நின்று, அவளை முன்னே போகவிட்டான். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. திரும்பிப் பார்க்கத் துணியாமல் அவள் நடந்தாள். பின்னால், வெறுங்குடத்தில் அவன் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டே வந்தான்.