ஆபரேட்டரின் கவனக்குறைவு

சுலேமா வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே எல்லோரும் அவளை இஞ்சினியர் என்று கூப்பிட்டார்கள். அவள் இன்னும் பட்டம் வாங்கவில்லை. எட்டு செமஸ்டர் முடித்துவிட்டு, கடைசி ஆறு மாதப் பயிற்சிக்கு எங்கள் தொழிற்சாலைக்கு வந்திருந்தாள். மெக்சிகோவின் எல்லை ஊரான எங்கள் ஹுவாரெஸில் கழுத்தில் வெள்ளை அட்டை தொங்கினால் இஞ்சினியர், நீல அட்டை தொங்கினால் ஆபரேட்டர். நானும் அதே கல்லூரியில் ஐந்து செமஸ்டர் படித்து, விட்டவன்தான். என் அட்டை நீலம். காலை ஷிஃப்டில் என் மெஷினில் உட்காரும் ஒராலியா என்னைக் 'காலேஜு' என்று கூப்பிடுவாள். அது மரியாதை இல்லை.

கார்களுக்கு வேண்டிய வயர் கட்டுகளைச் செய்கிறோம். என் வேலை பதினாலாம் நம்பர் மெஷினில். வயரின் நுனியில் ஒரு செப்பு முனையை வைத்து அழுத்தும் மெஷின் அது. இரவு முழுக்க நான், பகல் முழுக்க ஒராலியா. காலை ஐந்தரைக்கு என் ஷிஃப்ட் முடியும், ஆறு மணிக்கு அவளுடையது தொடங்கும். கம்பெனி பஸ் ஆறே முக்காலுக்குத்தான் கிளம்பும். அதுவரை கேன்டீனில் உட்கார்ந்து ரொட்டியில் பீன்ஸ் சுருட்டிய புரீட்டோ சாப்பிடுவேன். சுலேமாவின் வீடு ஊரின் மறு கோடியில். அவளுடைய பஸ் சீக்கிரம் வந்துவிடும். ஏழு மணிக்கு அலுவலகம் திறக்கும்வரை அவளும் அங்கேயே உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுவாள்.

கல்லூரியில் ஆங்கில டீச்சர் போட்ட விதி அது. தினமும் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இடது பக்கம் நேற்று நடந்தது, வலது பக்கம் ஏதாவது ஒரு மெஷினைப் பற்றி. இடது பக்கத்தை ஐந்து நிமிடத்தில் எழுதிவிடுவாள். தண்ணீர் வரவில்லை, தம்பி ஷூவைத் தொலைத்தான், நாய் குட்டி போட்டது. வலது பக்கத்துக்கு வந்ததும் பேனாவைக் கடிப்பாள். பிறகு அலுவலகத்தில் அச்செடுத்த பழைய ரிப்போர்ட்டை விரித்துவைத்து அதிலிருந்து எடுத்து எழுதுவாள்.

அது அவள் மட்டும் செய்தது இல்லை. அலுவலகத்தில் புது ரிப்போர்ட் என்று ஒன்றே கிடையாது. பழையதைத் திறப்பார்கள், தேதியையும் பார்ட் நம்பரையும் மாற்றுவார்கள், வேறு பெயரில் சேமிப்பார்கள். முதல் ரிப்போர்ட்டை எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது. 'காரணம்' என்ற கட்டத்தில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை. அங்கே எப்போதும் ஒரே வரிதான்: ஆபரேட்டரின் கவனக்குறைவு, விதிமுறை பின்பற்றப்படவில்லை. கீழே, ஆபரேட்டருக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது.

நான் சின்ன வயதில் ஐந்து வருஷம் பாலத்துக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் எல் பாசோவில் பள்ளிக்கூடம் போனவன். ஆங்கிலம் வரும். அது தெரிந்ததும் சுலேமா நோட்டை என் பக்கம் தள்ள ஆரம்பித்தாள். கூலி ஒரு காபி.

ஏப்ரலில், எங்கள் கட்டுகளை வாங்கும் மிச்சிகன் கார் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. நாற்பத்தாறு கட்டுகளில் செப்பு முனை வயரிலிருந்து கழன்று வருகிறது. எந்த நாள், எந்த மெஷினில் செய்தது என்று சொல்லும் லாட் நம்பரைப் பார்த்தார்கள். பதினாலாம் தேதி, பதினாலாம் மெஷின், காலை ஷிஃப்ட். ரிப்போர்ட் எழுதும் வேலையைத் தரப் பிரிவின் தலைவர் பராசா, சுலேமாவிடம் கொடுத்தார். அதை வைத்தே பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிடுவதாகச் சொன்னாராம்.

மறுநாள் காலை அவள் அதைக் கேன்டீனுக்குக் கொண்டுவந்தாள்.

"இங்கிலீஷ் மட்டும் பாருங்க. மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"யார் சொன்னது?"

"போன வருஷ ரிப்போர்ட்டும் இப்படித்தான் இருக்கு. அது பாஸாயிடுச்சு."

படித்தேன். காரணம், ஆபரேட்டரின் கவனக்குறைவு. நான்கு இடத்தில் திருத்தினேன். நல்ல சுத்தமான ஆங்கிலமாக ஆகிவிட்டது.

அந்த வரி பொய் என்று எனக்குத் தெரியும். மெஷினில் முனையை அழுத்தும் அச்சுக்கு டை என்று பெயர், இரண்டு லட்சம் தடவை அழுத்தியதும் அதை மாற்ற வேண்டும். ஒவ்வொரு அழுத்தலையும் ஒரு கவுன்ட்டர் எண்ணும். பதினொன்றாம் தேதி கவுன்ட்டர் நிறைந்து மெஷின் நின்றது. பராமரிப்பு ஆள் வந்தான், ஸ்டோரில் டை இல்லை என்றான், கவுன்ட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டுப் போனான். இரவு ஷிஃப்ட் பதிவேட்டில் அதை ஸ்பானிஷில் எழுதிவைத்தேன். அந்தப் பதிவேட்டை யாரும் படிப்பதில்லை. பதினாலாம் தேதி மாலை புது டை வரும்வரை, மூன்று இரவு அதே தேய்ந்த டையில் நானும் ஓட்டினேன். சுலேமாவிடம் சொன்னால் தோண்டுவார்கள், தோண்டினால் என் லாட்டும் வெளியே வரும். அதனால் சொல்லவில்லை. இதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

மிச்சிகன் ரிப்போர்ட்டை ஏற்றுக்கொண்டது. அதன் பிரதி ஒன்று பணியாளர் அலுவலகத்துக்குப் போகும். அங்கே ஒரு விதி உண்டு: மூன்று மெமோ ஆனால் வேலை இல்லை. ஒராலியாவுக்கு ஏற்கெனவே இரண்டு. ஒன்று பஸ் பழுதாகி லேட்டானதற்கு. இன்னொன்று லைனில் போனை எடுத்ததற்கு. அவள் மகள் பிரசவ வார்டில் இருந்த நாள் அது. செவ்வாய்க்கிழமை மூன்றாவது வந்தது. வெள்ளிக்கிழமை கணக்கு முடித்துக்கொள்ள வரச் சொன்னார்கள்.

புதன் காலை ஒராலியா கேன்டீனில் எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். மெமோவை சுலேமா முன்னால் வைத்தாள். பின்னால் ஆங்கில ரிப்போர்ட் பின் செய்திருந்தது.

"மகளே, நீ இங்கிலீஷ் படிக்கிறவதானே. இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லு. இந்தக் காலேஜு கிட்ட கேட்டா காபி கேப்பான்."

சுலேமா தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் புரீட்டோவைப் பார்த்தேன். அவள் ஒவ்வொரு வரியாக ஸ்பானிஷில் சொன்னாள். குரல் ஒரே மட்டத்தில் இருந்தது.

"இதுல என் பேர் எங்க?"

"பேர் இல்ல. ஆபரேட்டர்னு இருக்கு."

"அந்த ஆபரேட்டர் என்ன கவனிக்கல?"

"அது எழுதலை."

"எழுதினவங்களுக்குத் தெரியுமா?"

"இல்ல, ஒராலியா அம்மா. எழுதினது நான்தான்."

ஒராலியா தாளை வாங்கி நான்காக மடித்தாள். "எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. இருபது அடி தூரத்துல உக்காந்திருந்தேன்," என்றாள். "சரி, எனக்கு மெஷினுக்கு நேரமாச்சு." வெள்ளிக்கிழமை வரை அவள் வேலை செய்யத்தான் வேண்டும்.

அவள் போனதும் சுலேமா கேட்டாள், "அந்த மெஷின்ல ராத்திரி உக்கார்றது நீங்கதானே. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

சொன்னேன். கவுன்ட்டர், டை, பதிவேடு, எல்லாம்.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீ இங்கிலீஷை மட்டும் பாக்கச் சொன்ன."

"இது ஒரு பதிலா?"

"இல்ல."

அவள் பதிவேட்டைப் போய்ப் பார்த்தாள். சாப்பாட்டு இடைவேளையில், கழற்றிப் போட்டிருந்த பழைய டையைத் தேடியெடுத்து அளந்தாள். ஒராலியாவிடம் பதினாலாம் தேதி என்ன செய்தாள் என்று கேட்டாள். பிறகு எழுத உட்கார்ந்தாள். எழுத வரவில்லை. பழைய ரிப்போர்ட் எதிலும் இப்படி ஒரு காரணம் இல்லை, எடுத்து எழுத ஒரு வரிகூட இல்லை. வியாழன் காலை அவள் கொண்டுவந்த தாளில் கட்டங்களே இல்லை. எல்லாம் குட்டி வாக்கியங்கள். டை தேய்ந்திருந்தது. பதினொன்றாம் தேதி அதை மாற்றவில்லை. கவுன்ட்டரைப் பூஜ்யமாக்கினார்கள். ஆபரேட்டர் காலையில் இரண்டு தடவை அளந்தார், அளவு எல்லைக்குள் இருந்தது. பதினொரு மணிக்கு மேல் செய்தவை எல்லைக்குள் இல்லை. நாய் குட்டி போட்டதை எழுதியவளின் ஆங்கிலம். நிறையத் தப்பு இருந்தது. படித்தால் என்ன நடந்தது என்று புரிந்தது.

"உங்க மூணு ராத்திரி லாட்டும் இதுல வரும்," என்றாள்.

"பாத்தேன்."

"எடுத்துரவா?"

எடு என்று சொல்ல எனக்கு ஆசை. "அப்புறம் தேதி இடிக்கும்," என்றேன். "இருக்கட்டும்."

பராசா அதை அனுப்ப மறுத்தார். "வாடிக்கையாளர் ஒத்துக்கிட்டு மூடின ஃபைலை யாராவது திறப்பாங்களா? உனக்கு யார் மேல கோபம், அவங்க மேலயா, என் மேலயா?" என்று கேட்டாராம். அவள் மேஜைக்குத் திரும்பிவந்து, மிச்சிகனிலிருந்து வந்திருந்த கடைசி மின்னஞ்சலுக்குப் பதிலாக அவளே அதை அனுப்பினாள். நகல் பராசாவுக்கு. ஒரு மணி நேரத்தில் மிச்சிகன் ஆறு கேள்வி கேட்டது. இதுவரை எங்கள் ரிப்போர்ட் எதற்கும் அவர்கள் கேள்வி கேட்டதில்லை. ஆறுக்கும் அவள் பதில் எழுதினாள். பராசாவின் அறையில் பத்து நிமிடம் கத்தல் கேட்டதாகக் காலை ஷிஃப்ட் முழுக்கச் சொன்னது.

ஒராலியாவின் வேலை அதனால்தான் தப்பியது என்று சொல்ல முடியாது. மே மாதம் ஆடிட் வரவிருந்தது. வாடிக்கையாளரின் ஃபைலில் காரணம் டை என்று இருக்கிறது, பணியாளர் ஃபைலில் ஆபரேட்டர் என்று இருக்கிறது. இரண்டு காகிதம் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் ஆடிட்டர் எழுதிவைப்பார். ஆடிட்டருக்குப் பயந்து வெள்ளிக்கிழமையே ஒராலியாவின் மெமோவில் ரத்து என்று முத்திரை குத்தினார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. என் மூன்று இரவுகளில் செய்த நாலாயிரத்துச் சொச்சம் துண்டுகளைத் திருப்பியெடுத்துச் சோதித்தார்கள். தெரிந்தே ஓட்டியதற்கு எனக்கு ஒரு மெமோ. சரிதான் என்று கையெழுத்துப் போட்டேன். சுலேமாவின் சான்றிதழில் பராசா கையெழுத்துப் போடவில்லை. டிசம்பரில் பார்க்கலாம் என்றார். அப்படியென்றால் இன்னும் ஒரு ஆறு மாதம்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஒராலியா கேன்டீனுக்கு வந்தாள். ஷிஃப்ட் தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது.

"புதுசை எடு. அதையும் படி, கேப்போம்."

சுலேமா படித்தாள். ஒராலியா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டினாள். ஒரு இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"காலையில ரெண்டு தடவை அளந்தேன்னு எழுதியிருக்கியா?"

"ஆமா. நீங்க சொன்னதுதானே?"

"ரெண்டுன்னு சொன்னது ஷிஃப்ட் ஆரம்பத்துல. ஒம்பது மணிக்கு இன்னொரு தடவை அளந்தேன். மொத்தம் மூணு."

"அது அனுப்பியாச்சே. அதனால உங்களுக்கு இப்ப ஒண்ணும் ஆகாது."

"எனக்கு ஆகாது, சரி. நான் அளந்தது மூணு தடவை."

அவள் எழுந்து மெஷினுக்குப் போனாள். சுலேமா தாளை மடித்துவைத்தாள். போனை எடுத்து, மிச்சிகனுக்குப் போன கடைசி மின்னஞ்சலைத் திறந்து, ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினாள். என்னிடம் காட்டவில்லை. நகல் அனுப்பும் இடத்தில் பராசாவின் பெயரைச் சேர்த்து அனுப்பினாள்.