சோப்பு அடைச்ச ஓட்டை

கையில சோப்பு நுரை காயறதுக்குள்ள நஜ்முன்னிசா ரோட்டுக்கு ஓடி வந்துட்டா. வந்து என்ன? நல்லசாமி மாமாவோட டாக்சி எப்பவோ மஞ்சூர தாண்டி கெத்தை எறக்கத்துல எறங்கியிருக்கும். உள்ள அவரும், அவரு மக பேச்சியும். கோயமுத்தூர்ல நர்ஸ் படிப்புல சேரப் போறா பேச்சி.

கொழாயடியில கை கழுவத்தான் பார் சோப்ப எடுத்தா நஜ்மு. ஓரத்துல கிள்ளின எடம் பள்ளமா இருந்துச்சு. அதப் பாத்ததுந்தான் டாக்சியில அடைச்ச சோப்ப எடுக்கவேயில்லங்கறது ஒறைச்சுச்சு.

அந்த வண்டியோட பின் ஆக்சில முழுசா எறக்கி, பிரிச்சு, மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவி, கறுப்பு பெயிண்ட் அடிச்சது அவளும், ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கற அவளப் பெத்த அத்தா ரஹீமும்தான். மலையில மஞ்சு மூட்டமா எறங்கிட்டா இந்த ஊருல பெயிண்ட் லேசுல காயாது. கரியடுப்பு மூட்டி அனல் காட்டணும். அதுவரைக்கும் ஈரம் உள்ள போயிடக் கூடாதுன்னு, ஆக்சில் மேல மூச்சு விடறதுக்குன்னே இருக்கற பொடி ஓட்டைய சோப்பக் கிள்ளி அடைச்சிருவாங்க. மேலயே பெயிண்ட் அடிக்கறதால அப்புறம் பாத்தா ஓட்டை இருக்கறதே தெரியாது. காஞ்சதும் சைக்கிள் கம்பியால குத்தி எடுத்தரணும். அடைக்கறதும் எடுக்கறதும் நஜ்முவோட வேலை. எடுக்காம வுட்டா எறக்கத்துல சூடேறி, உள்ள இருக்கற காத்து போக்கெடம் இல்லாம எண்ணெயத் தள்ளி பிரேக்குக்குள்ள வுட்டுரும். அப்புறம் எத்தன மிதிச்சாலும் பிரேக் புடிக்காது.

வண்டியில ஆக்சில மாட்டினப்புறம் கம்பிய எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில படுத்தா நஜ்மு. அந்நேரம்தான் பேச்சி வந்து பக்கத்துல குந்திக்கிட்டு, ஆஸ்டல் கதையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சா. மாடி ரூமாம். ஜன்னலத் தொறந்தா பஸ் ஸ்டாண்டாம். அந்தப் படிப்புக்கு ரெண்டு பேருந்தான் சேந்து ஆசப்பட்டாங்க. நஜ்மு ஊட்டுல ஒத்துக்கல. அவ வண்டிக்கு அடியிலேர்ந்து வெளிய வந்து, கம்பிய செவுத்துல சாச்சு வெச்சுட்டு டீ போடப் போயிட்டா.

இப்ப ஓடிப் போய் அத்தாகிட்ட சோப்பு விஷயத்த சொன்னா. அவரு திட்டல. திட்டியிருந்தாக்கூடத் தேவல. நாச்சிமுத்து கடைக்கு ஓடி, எறக்கத்துக்குக் கீழ இருக்கற செக்போஸ்ட்டுக்கு போன் போட்டாரு. பின்னாலயே வந்த நஜ்மு பக்கத்துல நிக்க, டயல சுத்தினாரு. லைன் கெடைக்கல. மறுபடி சுத்தினாரு. கெடைச்சதும் கருப்பு அம்பாசடர், அப்பனும் புள்ளையும், ஆக்சில்ல அடைச்ச சோப்ப எடுக்கல, நிறுத்துங்க சாமின்னு கெஞ்சினாரு.

ரொம்ப நேரம் கழிச்சு அங்கிருந்து போன் வந்துச்சு. வண்டி நிக்குது. பின்சக்கரம் பூரா எண்ணெயாம். கடைசி வளைவுல பிரேக் வழுக்கி, பாறையில ஒரசித்தான் நின்னுச்சாம். யாருக்கும் ஒண்ணுமில்லையாம். அத்தா அப்படியே கடைத் திண்டுல ஒக்காந்துட்டு, போன அவகிட்ட நீட்டினாரு.

"பேச்சி பேசணுங்கறா, கண்ணு."

நஜ்மு காதுல வெச்சா. மறந்துட்டேன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தா. செவுத்துல சாச்சு வெச்ச கம்பி கண்ணு முன்னால நின்னுச்சு. கம்பிய வெக்கறப்ப சோப்பு ஞாபகம் இருந்துச்சா, இல்லையா? அவளுக்கே தெரியல.

அந்தப் பக்கம் பேச்சி அழுது முடிச்ச கொரல்ல சிரிச்சா.

"ஏண்டி நஜ்மு, என்னய அனுப்ப உனக்கு மனசே இல்லையாக்கும்?"