கிண்ணத்துச் சொற்கள்

முந்நூறு சொற்கள். பன்னிரண்டு நாள். ஒரு நாளைக்கு இருபத்தைந்து.

ஈஜிபுராவிலிருந்து பொம்மசந்திராவுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்த நேரம் முழுவதும் பட்டியலைப் படித்தேன். பக்கத்து இருக்கையில் அர்ஜுனன். என் மகள் டீனாவுக்கு நான் இடம் கேட்டிருந்த பள்ளியில்தான் அவன் மகன் படிக்கிறான். பிரின்ஸிபால் மேஜையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும், அதில் மடித்த சீட்டுகள் இருக்கும், ஒன்றை எடுத்து அதிலுள்ள ஆங்கிலச் சொல்லுக்குப் பெற்றோர் அர்த்தம் சொல்ல வேண்டும் என்றது அவன்தான்.

“நீ சொன்னியா?”

“நான் எங்க போனேன் குரு, எனக்கு ஷிஃப்ட். பொண்டாட்டிதான் போனா. ஈஸியெல்லாம் இல்லன்னா.”

என் கையிலிருந்து பட்டியலைப் பிடுங்கினான்.

“மெண்டேஷியஸ்?”

“பொய் பேசுற.”

“லொக்வேஷியஸ்?”

“ஓயாம பேசுற.”

“இது வந்தா வேற சீட்டு எடுத்துக்கோ மச்சா. நீ சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.”

முன் இருக்கையில் சிரித்தார்கள். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அந்தப் பள்ளியில் மாலை ஆறு மணிவரை குழந்தைகளை வைத்துக்கொள்வார்கள். மற்ற பள்ளிகள் பன்னிரண்டரைக்கே அனுப்பிவிடும். என் வேலை நான்கரைக்கு முடிகிறது. என் மனைவி பிரிஸில்லா இறந்து ஏழு மாதம். இதுவரை பகலில் டீனாவைப் பார்த்துக்கொண்ட மாடிவீட்டுக்காரர்கள் மே மாதம் காலி செய்கிறார்கள். இடம் கிடைக்காவிட்டால் டீனா கோலார் கே.ஜி.எஃப்-பில் பிரிஸில்லாவின் அக்கா வீட்டுக்குப் போவாள். ஜோவிதா அக்கா சின்னக் கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டார். போட்டோ அனுப்பியிருந்தார். நான் பதில் போடவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். இரட்டைப் பின்னல் எனக்கு வராது. டீனாவுக்கு ஒற்றைக் குதிரைவால் போட்டேன். அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

வெளியே நாற்காலிகளில் ஐந்து தம்பதிகள். எதிரில் இருந்த பெண் கேட்டார். “உங்க மிஸஸ் பார்க்கிங்லயா?”

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

எஸ் வரிசையில் பாதிச் சொற்கள் மறந்துபோயிருந்தன. செல்போனில் பட்டியலைத் திறந்தேன். விரல் ஈரத்தில் திரை நகரவில்லை. அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

பிரின்ஸிபால் ஜெயலக்ஷ்மி மேடம் எங்கள் விண்ணப்பத்தை முன்னால் வைத்திருந்தார். கிண்ணத்தை டீனா பக்கம் தள்ளினார். அவள் அடியில் கைவிட்டு ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தாள். பிரித்தேன்.

ரெட்டிசென்ட்.

பட்டியலில் பத்தொன்பதாம் பக்கம். எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் வெளியே சொல்லத் தயங்குகிற. ஆங்கிலத்தில் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன்.

“அர்த்தம் எனக்குத் தெரியும்” என்றார் மேடம் தமிழில். “குழந்தைக்குச் சொல்லுங்க. வீட்ல என்ன பாஷையோ அதுலயே. அதைத்தான் நாங்க பாக்கறது.”

அர்ஜுனன் மனைவி இதையும் அவனிடம் சொல்லியிருப்பாள். அவன் காதில் விழுந்திருக்காது.

டீனா என்னைப் பார்த்தாள். முந்நூறு அர்த்தங்களில் ஒன்றுகூடக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி இல்லை. மேடம் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“ஒருத்தர் இருக்கார்” என்றேன். “அவருக்குச் சொல்றதுக்கு விஷயம் இருக்கும். ஆனா சொல்ல மாட்டார்.”

“வாய் வலியா?”

“இல்ல. வராது.”

டீனா யோசித்தாள். “அம்மா செத்ததுக்கப்புறம் நீ இருக்கியே, அப்படியா?”

“அப்படித்தான்.”

மேடம் விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தார். அவர் விரல் ஒரு வரியில் நின்றது.

“இங்க அம்மா பேரு, வேலை டீச்சர்னு, மொபைல் நம்பர், எல்லாம் போட்டிருக்கீங்க.”

“ஆன்லைன் ஃபார்ம்ல அதுக்கெல்லாம் சிவப்பு ஸ்டார் போட்டிருந்தாங்க மேடம். காலியா விட்டா அடுத்த பக்கம் போகல.”

“இந்த நம்பர் யாருது?”

“அவளோடதுதான். வீட்ல இருக்கு. ரீசார்ஜ் பண்றேன்.”

“தப்பா ஃபில் பண்ணின ஃபார்மை நாங்க எடுக்கறதில்ல. தெரியுமா?”

கீழே சிவப்பு எழுத்தில் அதுதான் அச்சடித்திருந்தது. படித்துவிட்டுத்தான் நிரப்பினேன். டீனா தன் கையை என் முழங்கால்மேல் வைத்தாள்.

“ஆறு மணிக்கு நீங்க வரலைன்னா நாங்க யாருக்குப் போன் பண்ணணும்?”

அர்ஜுனன் பெயரைச் சொல்லலாம். அவனும் என்னோடு அதே பஸ்ஸில்தான் இருப்பான். ஜோவிதா அக்கா நூறு கிலோமீட்டர் தள்ளி. ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் போதும். அவர் எழுதிக்கொள்வார்.

“யாரும் இல்ல மேடம். நான்தான். இவளை அனுப்பிட்டா நான் வீட்டுக்குப் போக மாட்டேன். எங்க போவேன்னு தெரியல.”

இவ்வளவும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு பிரிஸில்லாவின் பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று எழுதினார். எண்ணை ஒரே கோட்டில் அடித்தார். காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

“அடிச்ச இடத்துல கையெழுத்துப் போடுங்க. இன்னொரு நம்பர் ஜூனுக்குள்ள தேடிக் கொடுங்க. அக்கம்பக்கம் யார்கிட்டயாவது பேசுங்க, கேட்டீங்களா?”

“சீட் கிடைச்சிருச்சா?” டீனா கேட்டாள்.

“கையெழுத்துப் போட்டாதான்.”

பேனாவை எடுத்தேன். கோட்டுக்கு அடியில் பத்து இலக்கங்களும் தெளிவாகத் தெரிந்தன. பக்கத்தில் இருந்த இடம் போதவில்லை. கையெழுத்தின் பாதி அவற்றின்மேல் ஏறியது.